அறுபத்தொன்றாம் நாள் காலை

வக்கீல் வைக்க வசதியில்லாத எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, அரசுச் செலவில் வக்கீல் ஏற்பாடு செய்யும் வேலை, தமிழ்நாட்டின் மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் இப்போது தனி அலுவலகமாகவே நடக்கிறது. பலகையில் 'சட்ட உதவி பாதுகாப்பு ஆலோசகர் அலுவலகம்' என்று நீளமாக எழுதியிருக்கும். சிறையிலும் காவல் நிலையத்திலும் அதற்குப் பெயர் 'லீகல் எய்டு', அவ்வளவுதான். வெளியே இருப்பவர்கள் இதை வாதாடும் வேலை என்று நினைக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், இதில் பாதிக்கு மேல் நாள் எண்ணும் வேலை. ரிமாண்டான நாள், குற்றப்பத்திரிகைக்குக் கெடு முடியும் நாள், ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வராமல் கழிந்த நாள், மேல்முறையீட்டுக்கு மிச்சமிருக்கும் நாள். இவற்றை ஒழுங்காக எண்ணுகிற அலுவலகம் சுமாரான வக்கீல்களை வைத்துக்கொண்டே ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். எண்ணத் தவறுகிற இடத்தில் எத்தனை பெரிய வாதத் திறமை இருந்தாலும் பிரயோசனமில்லை.

இந்த வேலைக்கு அடிப்படை அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. கைதானவர் தனக்குப் பிடித்த வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம் என்று 22-ஆம் உறுப்பு சொன்னது. வழக்கறிஞருக்கு யார் பணம் கொடுப்பது என்று அது சொல்லவில்லை. இலவச சட்ட உதவியை அரசின் கடமையாக்கும் 39ஏ உறுப்பு 1976-இல் 42-ஆம் திருத்தத்தின் வழியே வந்தது. அடுத்த பத்தாண்டில் உச்ச நீதிமன்றம் அதற்குப் பல் முளைக்க வைத்தது. பீகார் சிறைகளில் விசாரணையே நடக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில், 1979-இல், இலவச வழக்கறிஞர் இல்லாத விசாரணை நியாயமான விசாரணை ஆகாது என்றது. பாகல்பூரில் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய கொடுமை தொடர்பான காத்ரி வழக்கில், 1980 டிசம்பரில், பணமில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றும், எதிரியை முதன்முதலில் ஆஜர்படுத்தும்போதே இந்த உரிமையை மாஜிஸ்திரேட் சொல்லிவிட வேண்டும் என்றும் கூறியது. எதிரி கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்பது பதிலாகாது என்று 1986-இல் சுக் தாஸ் வழக்கில் முடிவானது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இல் நிறைவேறினாலும் நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9-இல்தான். அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் முதலானோருக்கு வருமானம் பார்க்காமல் உதவி உண்டு. காவலில் இருப்பவருக்கும் அப்படியே. சிறைக்குள் இருப்பவரிடம் வருமானச் சான்று கேட்கும் குமாஸ்தா இன்றும் அங்கங்கே உண்டு. அவருக்கு அந்தப் பிரிவின் நகலை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

2022 வரை இந்த வேலை பேனல் வக்கீல்கள் கையில் இருந்தது. தனித் தொழில் நடத்துபவர்கள் ஆணைக்குழுவின் பட்டியலில் பெயர் கொடுத்திருப்பார்கள். வழக்கு வந்தால் ஒருவருக்கு ஒதுக்கப்படும். வழக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு மதிப்பூதியம். அதில் நல்லவர்கள் இருந்தார்கள். ஆனால், காசு கொடுத்த கட்சிக்காரர் பக்கத்து கோர்ட்டில் காத்திருக்கும்போது இலவச வழக்குக்கு வாய்தா வாங்குவதுதான் மனித இயல்பு. அந்த ஆண்டு தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த திட்டம் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. குற்ற வழக்குகளில் எதிரித் தரப்புக்கு மட்டும் முழுநேர வழக்கறிஞர்கள், மாதச் சம்பளம், தனித் தொழில் கூடாது. தலைமை ஆலோசகருக்குக் குறைந்தது 10 ஆண்டுக் குற்றவியல் அனுபவம், துணை ஆலோசகருக்கு 7 ஆண்டு. உதவி ஆலோசகர்கள் பெரும்பாலும் புதிதாகப் பதிவுசெய்தவர்கள். நியமனம் இரண்டாண்டு ஒப்பந்தம், அதன்பின் வேலையைப் பார்த்து நீட்டிப்பு. பாதிக்கப்பட்டவர் தரப்பும் சிவில் வழக்குகளும் பழையபடி பேனலுக்கே போகின்றன.

அலுவலகம் என்றால் பெரிய கற்பனை வேண்டாம். வளாகத்தின் ஓரத்தில் ஓர் அறை, நான்கைந்து மேசை, பழைய அலமாரி இரண்டு, ஒரு கணினி, எழுத்தர் ஒருவர். அலமாரியைவிட முக்கியமான பொருள் மேசை மேல் கிடக்கும் நீள நோட்டு. கணினியில் விவரம் ஏற்றினாலும் நோட்டைக் கைவிட்ட அலுவலகங்கள் குறைவு. மின்சாரம் போனாலும் அது திறக்கும்.

அந்த நோட்டில் ஒரு வரி என்பது ஓர் ஆள் அல்ல, ஒரு வழக்கு. புதிதாக வருபவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் இது. திருட்டு வழக்கில் ஒருவர் சிக்கினால், அந்த நிலையத்தில் துப்புத் துலங்காமல் கிடக்கும் இன்னும் இரண்டு மூன்று வழக்குகள் அவர் தலையில் ஏறும். சிறையில் இருப்பவரை பி.டி. வாரண்டில் வரவழைத்து அந்த வழக்குகளிலும் 'ஃபார்மல் அரெஸ்ட்' காட்டுவார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் ரிமாண்டு தேதி தனி, கெடு தனி, ஜாமீன் தனி. ஒரு மாவட்டத்தில் ஒரு வழக்கில் ஜாமீன் உத்தரவு வாங்கி, ஜாமீன்தாரர்களையும் நிறுத்தி, ஆள் அன்று மாலையே வந்துவிடுவார் என்று குடும்பம் சிறை வாசலில் காத்து நின்றது. ஆள் வரவில்லை. வேறொரு நிலையத்தின் வழக்கில் மூன்று வாரம் முன்பே அவர் மேல் வாரண்டு போடப்பட்டிருந்தது. நோட்டில் ஆள் பெயருக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்தக் குடும்பம் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, விடியும்வரை பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தது. அதன்பிறகுதான் அந்த அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு வரி என்ற வழக்கம் ஒழிந்தது.

வேலை தொடங்கும் இடம் ரிமாண்டு. கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்; ஞாயிறு மாலை என்றால் மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில். விடுமுறை நாளுக்கும் சேர்த்து உதவி ஆலோசகர்களுக்கு முறை போட்டிருக்கும். எதிரியிடம் பேச நான்கு நிமிடம் கிடைத்தால் அதிகம், அதுவும் காவலர்கள் பக்கத்தில் நிற்க. அந்த நான்கு நிமிடத்தில் 'நீ செய்தாயா' என்று கேட்பவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். கேட்க வேண்டியவை வேறு. எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எங்கே, வீட்டில் யாருக்குச் சொன்னார்கள். உடம்பில் அடி உண்டா. வயது என்ன, பள்ளியில் எந்த வருடம் சேர்த்தார்கள். மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா. மனப்பாடமாகத் தெரிந்த ஒரு போன் நம்பர். போன் காவல் நிலையத்தில் மாட்டிக்கொண்டிருக்கும், சொந்த அக்கா நம்பரே பலருக்கு நினைவிருக்காது. வயதுக் கேள்வியால் சிறைக்குப் போகாமல் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போன பிள்ளைகள் உண்டு. ஆவணத்தில் 19 என்று எழுதியிருக்கும், மாற்றுச் சான்றிதழ் 17 என்று சொல்லும். கைதுக்கான காரணத்தை எதிரிக்குத் தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் விஹான் குமார் வழக்கில் சொன்ன பிறகு, காரணம் எழுதிய தாள் அவர் கையில் உண்மையிலேயே கொடுக்கப்பட்டதா, அவருக்குப் புரிகிற மொழியில் இருந்ததா என்பதும் கேள்விப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. திருப்பூர் பக்கம் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் தமிழ்த் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிற்பது அடிக்கடி காணும் காட்சி.

ரிமாண்டு முடிந்த உடனே நோட்டில் இரண்டு தேதி எழுதப்படும். ஒன்று ரிமாண்டான நாள். மற்றொன்று கெடு. பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றம் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60; அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் எதிரிக்கு ஜாமீன் உரிமையாகவே வந்துவிடும். இந்த விதி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 167-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 187. வழக்கின் பலம், பலவீனம், எதிரியின் பழைய கதை எதுவும் இதில் வராது, வெறும் கணக்கு. எண்ணிக்கை கைதான நாளிலிருந்து அல்ல, ரிமாண்டான நாளிலிருந்து. அந்த நாளும் சேர்த்தி என்று 2023-இல் கபில் வாத்வான் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்தது. மார்ச் 5-இல் ரிமாண்டு என்றால் மார்ச்சில் 27, ஏப்ரலில் 30, மே 3-ஆம் தேதியோடு 60. மே 4 காலை கோர்ட் திறக்கும்போது மனு கையில் இருக்க வேண்டும்.

காலை என்பதில் அழுத்தம் உண்டு. குற்றப்பத்திரிகை அன்று மத்தியானம் வந்துவிட்டால், அதுவரை மனுப் போடாதவருக்கு உரிமை போயிற்று. மனுவை முதலில் போட்டுவிட்டால் பின்னால் வரும் குற்றப்பத்திரிகை அதைத் தோற்கடிக்காது. இதைத் தெளிவாகச் சொன்ன 2020-ஆம் ஆண்டின் எம். ரவீந்திரன் வழக்கு சென்னையிலிருந்து போனது. போதைப்பொருள் வழக்கு, அதில் கெடு 180 நாள். கெடு கடந்த நாள் காலையில் மனுப் போட்டார்கள். வருவாய்ப் புலனாய்வுத் துறை அன்று மாலையே கூடுதல் புகாரைத் தாக்கல் செய்தது. உச்ச நீதிமன்றம் காலை மனுவின் பக்கம் நின்றது. அதே ஆண்டு மதுரைப் பக்கத்து எஸ். காசி வழக்கில், கொரோனாவுக்காக நீட்டித்த காலக்கெடு குற்றப்பத்திரிகைக்குப் பொருந்தாது என்றும் தீர்ப்பானது. ஆகவே தேர்ந்த அலுவலகங்களில் 55-ஆம் நாளே மனு தட்டச்சாகி, தேதி மட்டும் வெற்றிடமாக வைத்து வழக்குக் கட்டில் இருக்கும். 60-ஆம் நாள் மாலை பெஞ்ச் கிளார்க்கிடம் போய் குற்றப்பத்திரிகை வந்ததா என்று விசாரிப்பது எழுத்தரின் வேலை. இதற்கு வாதத் திறமை எதுவும் வேண்டாம், ஒரு நல்ல எழுத்தர் போதும். சம்பளப் பட்டியலில் கடைசியில் இருக்கும் அந்த ஆள்தான் அந்த வாரம் அதிகம் பேரை வெளியே கொண்டுவந்தவராக இருப்பார்.

ஜாமீன் உத்தரவு வந்துவிட்டால் விடுதலை வந்துவிட்டதாக அர்த்தமில்லை. வழக்கமான நிபந்தனை இரண்டு ஜாமீன்தாரர்கள். ஆதார் நகல், புகைப்படம், ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது, சில இடங்களில் கிராம நிர்வாக அலுவலரின் சான்று. மாஜிஸ்திரேட் கூண்டை எட்டிப் பார்த்து, 'இவர் உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்பார். வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கு வரி ரசீது ஏது? சொந்த வீடு உள்ளவர் கூலிக்காரனுக்காகக் கூண்டேற ஏன் வருவார்? இந்த இடைவெளியில்தான் கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்கும் ஆட்கள் பிழைக்கிறார்கள். அவர்களை அலுவலகம் எந்த அவசரத்திலும் தொடக்கூடாது. ஒரு தடவை தொட்டால் அடுத்த நாளே அது வளாகம் முழுக்கத் தெரிந்துவிடும். 1978-இல் மோத்தி ராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதையும், வேறு மாவட்டத்து ஜாமீன்தாரர் என்று தள்ளியதையும் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. 'லோக்கல் சூரிட்டி' என்ற சொல் இன்னும் உத்தரவுகளில் இருந்து இறங்கவில்லை.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த இடத்துக்கும் நாள் கணக்கு போட்டது. உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் போக வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியேறாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் கடந்தும் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே யோசிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று வற்புறுத்துவது தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதையும் அது குறித்தது. இதனால் நோட்டில் ஏழு, முப்பது என்று இன்னும் இரண்டு கட்டங்கள் கூடின. அதே ஆண்டு மத்திய அரசு தொடங்கிய ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 வரையும் என்று தொடக்கத்தில் வரம்பு வைத்தார்கள். போதைப்பொருள், ஊழல் போன்ற சட்டங்களில் சிக்கியவர்களுக்குக் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டு எதிரிக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் பணம் அல்ல, கையெழுத்துப் போட வரும் ஆள். அதைப் பணத்தால் நிரப்பும் திட்டம் பாதிப் பூட்டுக்கு மட்டும் சாவி.

வெளியே வந்தவருக்கும் தினமும் காலை 10.30-க்கு நிலையத்தில் கையெழுத்து என்ற நிபந்தனை இருக்கும். பெயிண்டர் வேலைக்குப் போகிறவர் எட்டு மணிக்கே ஏணியில் இருக்க வேண்டும். ஒரு மாதம் கையெழுத்துப் போட்டால் ஒரு மாத வேலை போச்சு. போடாவிட்டால் ஜாமீன் ரத்து. இரண்டு வாரம் கழித்து நிபந்தனைத் தளர்வு மனு என்று அதையும் தானாகவே தேதி போட்டு வைக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. எதிரி வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கும் அலுவலகங்களும் இருக்கின்றன.

விசாரணைக்கு வரும்போது சுவை மாறுகிறது. செஷன்ஸ் வழக்கில் மூத்தவர் குறுக்கு விசாரணை செய்கிறார். அதற்கான பட்டியலை இளையவர் தயாரிக்கிறார். ஒரே தாளில் மூன்று நேரம்: சம்பவம் நடந்ததாகச் சொல்லும் நேரம், முதல் தகவல் அறிக்கை பதிவான நேரம், அது மாஜிஸ்திரேட் கைக்குப் போன நேரம். கடைசி நேரம் மாஜிஸ்திரேட்டின் சுருக்கொப்பத்துக்குப் பக்கத்தில் பேனாவில் சின்னதாக இருக்கும். பக்கத்துத் தெருவில் உள்ள கோர்ட்டுக்கு அறிக்கை போக எட்டு மணி நேரம் ஏன் ஆனது என்ற ஒரு கேள்வி சில வழக்குகளின் முதுகெலும்பை முறித்திருக்கிறது. அடுத்தது அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். காயம்பட்டவர் போலீஸைப் பார்க்கும் முன்பு டாக்டரைப் பார்த்திருப்பார். யார் அடித்தார்கள் என்று டாக்டர் கேட்டு எழுதியிருப்பார். அங்கே 'அடையாளம் தெரியாத 3 பேர்' என்று இருந்து, முதல் தகவல் அறிக்கையில் ஐந்து பேர் அப்பன் பெயரோடு வந்திருந்தால், அந்த இரண்டுக்கும் இடையில் நடந்ததைத்தான் குறுக்கு விசாரணை தேட வேண்டும். ஒரு வழக்கில் அந்த நகல் கட்டிலேயே இல்லை. இளையவர் மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவுக்கு மூன்று முறை நடந்து வாங்கிவந்தார். ஆயுள், மரண தண்டனை வழக்குகளில் பத்தாண்டு அனுபவமுள்ளவரையே எதிரிக்கு அமர்த்த வேண்டும், தயாரிக்கக் குறைந்தது ஏழு நாளாவது கொடுக்க வேண்டும் என்று அனோகிலால் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, இப்படி நடப்பதற்கு நேரம் வேண்டும் என்பதால்தான்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிக்கல் வேறு. சிறு திருட்டில் நான்கு மாதம் உள்ளே இருந்தவர், 'ஒத்துக்கிட்டா இருந்த நாளையே தண்டனையா போட்டு விட்டுருவாங்களாமே சார், ஒத்துக்கிறேன்' என்பார். பக்கத்து அறைக் கைதி சொல்லிக் கொடுத்தது அது. கணக்குப்படி அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒப்புதல் முன் தண்டனையாகப் பதிவில் ஏறும். அடுத்த முறை ஏரியாவில் ஒரு செயின் அறுந்தால் முதலில் தட்டப்படும் கதவு அவருடையது. சட்டமும் அவரைத் தண்டிக்கும்: முதல்முறை எதிரி, குற்றத்துக்குரிய அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே கழித்தாலே விடுவிக்க வேண்டும் என்கிறது புதிய சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, முன் தண்டனை உள்ளவருக்குப் பாதி, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் அதுவும் இல்லை. மேலே சொன்ன 'ஃபார்மல் அரெஸ்ட்' பழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் இந்தக் கடைசி விதி யாரை அடைத்து வைக்கிறது என்பது விளங்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விட வேண்டும். குற்றமற்றவர் என்று ஆலோசகருக்குத் தோன்றும் ஆளே வீட்டில் சாகக்கிடக்கும் தாய்க்காக ஒத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஒரே வழக்கில் இரண்டு எதிரிகள் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டால் ஒரே அலுவலகம் இருவருக்கும் நிற்கக்கூடாது. இரண்டாமவர் பேனல் வக்கீலிடம் போக வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒதுக்கீட்டுக்கு முன்பே இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். அவசரத்தில் 'ஏ1, ஏ2 இரண்டும் நமக்கே' என்று எழுதிவிட்டு, சாட்சிக் கூண்டில் கதை இரண்டாகப் பிரியும்போது ஒருவரைக் கைவிடுவது மிக அசிங்கமான காட்சி.

நம்பிக்கை வேறு கதை. 'அரசாங்கம் கொடுத்த வக்கீல், அப்போ ஏ.பி.பி. ஆளுதானே?' என்று அரசுத் தரப்பு வழக்கறிஞரைக் குறிப்பிட்டுக் கைதியின் மனைவி நேரடியாகவே கேட்பார். சிறைச் சட்ட உதவி மையத்துக்குப் போகும் ஆலோசகர் சென்ற முறை சொன்ன தேதியில் மறுபடி வந்தாரா என்பதுதான் அங்கே அளவுகோல். வெறுங்கையோடு வந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும். கட்சிக்காரரிடம் ஒரு டீ கூட வாங்கக்கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதோ இல்லையோ, மேசையில் இருக்க வேண்டும். பெயில் ஆர்டருக்கு நகல் செலவு என்று 200 ரூபாய் வாங்கிய வெளியாள் ஒருவரால் ஓர் அலுவலகத்தின் பெயர் சிறையின் ஒரு பிளாக் முழுக்கக் கெட்டது. அங்கே சில மாதங்களுக்கு யாரும் மனுவில் கையெழுத்துப் போடவில்லை.

அமைப்பிலேயே ஒரு கோணலும் உண்டு. மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி. காலையில் அவர் முன் எதிரிக்காக நின்று போராடும் வழக்கறிஞரின் ஒப்பந்த நீட்டிப்பு, சாயங்காலம் அவர் மேசைக்குப் போகிறது. பெரும்பாலான நீதிபதிகள் இதைக் கௌரவமாகவே கையாள்கிறார்கள். ஆனாலும் மதிப்பீட்டுப் படிவத்தில் 'முடித்த வழக்குகள்' என்ற கட்டம் பெரிதாக இருக்கும். சாட்சியை மறு அழைப்பு கேட்டு வழக்கை ஒரு மாதம் நீட்டிப்பது நல்ல தற்காப்பு, அந்தக் கட்டத்தில் அது கழித்தல். இதைக் கவனிக்கும் தலைமை ஆலோசகர் தன் இளையவர்களின் வேலையை வேறு பக்கத்தில் எழுதி வைப்பார்: எத்தனை கெடு தவறவில்லை, எத்தனை பேரைச் சிறையில் பார்த்தார், எத்தனை சாட்சிக்குக் குறுக்கு விசாரணை குறிப்பு எழுதினார். நீட்டிப்புக்கு அது பயன்பட்டதா என்பது தனிக் கேள்வி.

தண்டனை வந்தால் கடைசி எண்ணிக்கை தொடங்கும். மாஜிஸ்திரேட் தீர்ப்பின் மேல் செஷன்ஸுக்கு 30 நாள், செஷன்ஸ் தீர்ப்பின் மேல் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். தீர்ப்பு நகல் இலவசம், அது கைதியின் உரிமை என்று 1978-இலேயே ஹோஸ்கோட் வழக்கில் முடிவானது. நகல், சாட்சியப் பிரதிகள், கைதி கையெழுத்திட்ட மனு எல்லாம் சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவுக்குப் போக வேண்டும். கட்டு அனுப்பிய தேதியும் அங்கே எண் ஆன தேதியும் நோட்டில் ஏறும்வரை அந்த வரியை மூடக்கூடாது. அனுப்பியாச்சு என்று மூடிய கட்டுகள் தபால் பிரிவில் தூங்கியிருக்கின்றன.

ஒப்பந்தம் முடிந்து ஆலோசகர் மாறும்போதும் எண்ணிக்கை நிற்காது. பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் வழக்கு எண், அடுத்த வாய்தா, கடைசியாக எதிரியைப் பார்த்த நாள், கெடு நாள், வீட்டுப் போன் நம்பர் என்று ஐந்து பத்தி. கீழே இருவரும் கையெழுத்து. அதில் ரிமாண்டு ஆகி 58 நாள் ஆனவை மட்டும் சிவப்பு மையில் இருக்கும். புதியவர் முதல் நாள் காலையில் நாற்காலியில் உட்காரும் முன்பு அந்த வரிகளைப் பார்க்க வேண்டும்.